பத்து மில்லி கொசுறு

நாள் 41, 09:10
நிலவின் தென்முனைக் கூடம். இருப்பது நான் ஒருத்தி, ஜெசிந்தா. ஆக்சிஜன் இயந்திரத்தின் சூடு 71 டிகிரி. நேற்றுப் புதிதாக மாற்றிய நான்கு அமோனியாக் குழாய்கள்தான் அந்தச் சூட்டைக் கூரைத் தட்டுக்கு ஏற்ற வேண்டும். பம்பு கிடையாது. அடியில் அமோனியா கொதித்து ஆவியாக ஏறும், மேலே குளிர்ந்து தன் எடையால் வழிந்திறங்கும். ஆனால் நான்கின் மேல்முனையும் சில்லென்று கிடக்கிறது. தரவு இணைப்பும் நேற்றே போய்விட்டது, குரல் மட்டும்தான்.

10:40
78. இயந்திரத்தின் வேகத்தைக் குறைத்தும் பயனில்லை. 90-ல் உள்ளே ஆக்சிஜனைப் பிரிக்கும் படலம் வெந்துவிடும், இயந்திரம் மறுபடி ஓடாது. பிறகு ஒன்பது மணி நேரக் காற்று. கப்பல் வர மூன்று நாள். பூமியில் இந்தக் குழாய்களை நிரப்பிய வேலாயுதம் அண்ணனைக் குரல் இணைப்புக்குக் கூப்பிடச் சொன்னேன்.

11:25
"சீட்டுல பாதிக் குழாய்னுதாம்மா போட்டிருந்து. நான் குழாய்க்குப் பத்து மில்லி கொசுறா சேத்து ஊத்துனேன். அங்க போயி கொறஞ்சிரப்பிடாதுல்லா. இங்க சோதிச்சப்ப நல்லாத்தான் ஓடிச்சு."

கொசுறு. கத்தரிக்காய்க்குக் கறிவேப்பிலை மாதிரி. பூமியில் அது உடனே கீழே விழுந்திருக்கும். இங்கே எடை ஆறில் ஒரு பங்கு. கொதி தூக்கியடித்த திரவம் மேலேயே தங்கி ஆவியை அடைக்கிறது. வாய்க்கு வந்தபடி திட்டினேன்.

12:50
82. வெளியே போய் அடி வால்வைத் திறந்து கொசுறை வெளியேற்ற வேண்டும். "நாலு எண்ணிட்டு மூடிருங்கம்மா. அவசரப்படாதிய." வெளியே போய் அப்படியே செய்தேன். இரண்டு குழாய் சரியாகிவிட்டது. மேல்முனை சூடாகிறது.

14:05
86. மூன்றாவதில் நாலு எண்ணினேன். அமோனியா வெளியேறிய குளிரில் வால்வு திறந்தபடியே உறைந்து, மூடத் திருகவே முடியவில்லை. மொத்தமும் போய்விட்டது. நான்காவது சரி. ஆனால் மூன்று குழாய் போதாது. பயமாக இருக்கிறது.

15:30
89. அண்ணன் காலையிலிருந்து பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்கவில்லையாம். "சூடு எறங்குதாம்மா? என் கையாலல்லா இப்படி ஆச்சு." பிறகு சொல்கிறேன் என்றேன்.

15:41
90. இயந்திரம் நின்றுவிட்டது.

15:44
மறுபடியும் கேட்டார். "எறங்கிட்டுண்ணே. போய்ச் சாப்பிடுங்க" என்றேன். அழுதார். நானும்தான்.

இதைக் கண்டெடுப்பவருக்கு: அறிக்கையில் எதை வேண்டுமானாலும் எழுதுங்கள். 15:41 என்பதை மட்டும் அவரிடம் சொல்லிவிடாதீர்கள்.