மோட்டார் நின்ற நேரம்

மே 4

அன்புள்ள தம்பிக்கு,

இங்கு நாங்கள் சௌக்கியம். நீ வேளாவேளைக்குச் சாப்பிடமாட்டாய் என்று தெரியும், இருந்தாலும் கேட்கிறேன். படப்பிடிப்பு முடிந்து நீங்கள் கிளம்பியதிலிருந்து தெரு வெறிச்சோடிக் கிடக்கிறது. ரவுடியாக நடித்த அந்தப் பையனுக்குக் கை தேவலையா? பால்காரம்மா தினமும் விசாரிக்கிறாள். "நடிப்புன்னு தெரியும்க்கா. ஆனா லாரியிலேருந்து குதிச்சான் பாரு, என் கை தானா அடிச்சிருச்சு" என்கிறாள்.

ஒரு விஷயம். உன் படத்தின் கதையில் மோட்டார் மெக்கானிக் குவாரிக்காரனோடு சேர்ந்துகொண்டு ஊரைக் காட்டிக் கொடுக்கிறானாம். உங்கள் படப்பிடிப்புச் சமையல்காரர் போகிற போக்கில் சொன்னார். இந்த ஊரில் மோட்டார் மெக்கானிக் ஒருவர்தான், அவர் என் புருஷன். ஆற்றில் மணல் அள்ள விடவில்லை என்று குவாரி ஆட்கள் கம்பியோடு அடிக்க வந்த அன்று ஆற்று மோட்டாரை நிறுத்தியவர் அவர். பகலெல்லாம் ஓடுகிற சத்தம் திடீரென்று நின்றால், கையில் கிடைத்ததை எடுத்துக்கொண்டு வெளியே வர வேண்டும் என்பது எங்கள் ஏற்பாடு. ஊரே வந்தது, அவர்கள் ஓடினார்கள். ஆனால் அதற்குள் உன் மாமாவை அடித்துவிட்டார்கள். இடது காது போனது அப்படித்தான். எல்லாம் நான் சொல்லி நீ எழுதிக்கொண்டது. மெக்கானிக் துரோகி என்பதை மாற்றிவிடு.

உன் அன்பு அக்கா

மே 15

அன்புள்ள அக்கா,

கோபப்படாமல் படி. மோட்டார் நிற்பதை அப்படியே எடுத்தேன். போட்டுப் பார்த்தால், தியேட்டரில் ஸ்பீக்கர் போய்விட்டது என்றுதான் ஜனங்கள் நினைப்பார்கள். அதனால் கோபுர மணி வைத்துவிட்டேன். ஊரில் எல்லோருமே நல்லவர்கள் என்றால் இரண்டு மணி நேரம் யார் உட்காருவார்கள்? உள்ளுக்குள் ஒருவன் துரோகியாக இருக்க வேண்டும் என்கிறார் தயாரிப்பாளர். நான் மாமாவின் தொழிலைத்தான் எடுத்தேன், மாமாவை எடுக்கவில்லை.

படம் வெளிவர இன்னும் நாள் இருக்கிறது. அதற்கு முன்னால் நம் ஊரில், பள்ளி மைதானத்தில் திரை கட்டிக் காட்டச் சொல்லியிருக்கிறேன். இசை வேலை பாக்கி, நான் வர முடியாது. ஜெனரேட்டரை மாமாவே பார்த்துக்கொள்ளட்டும். வேறு யாரையும் நம்ப மாட்டேன்.

உன் தம்பி

மே 24

அன்புள்ள தம்பிக்கு,

நம்புகிற ஆளைத்தான் துரோகியாக்கினாயா?

நான் அவரிடம் இன்னும் சொல்லவில்லை. "மச்சான் படம்" என்று ஜெனரேட்டரைப் பிரித்துப்போட்டுத் துடைத்துக்கொண்டிருக்கிறார். டெய்லரிடம் புதுச் சட்டை தைக்கக் கொடுத்திருக்கிறார். அந்த ஒரு காட்சியை வெட்டிவிடு. உன்னிடம் இதுவரை வேறு எதுவும் கேட்டதில்லை.

உன் அக்கா

ஜூன் 11

தம்பிக்கு,

உன் பதில் வரவில்லை. படம் மட்டும் வந்தது.

மைதானம் நிறைந்துவிட்டது. கூட்டக் காட்சிகளில் தன் முகம் வந்தபோதெல்லாம் அவனவன் விசில் அடித்தான். பால்காரம்மா அடித்த அடியை நீ வெட்டாமல் வைத்திருந்தாய், அதற்கு ஒரே சிரிப்பு. பிறகு மெக்கானிக் வந்தான். குவாரிக்காரனோடு கைகுலுக்கினான், ஊருக்குள் வர வழி சொன்னான். நான் திரையைப் பார்க்கவில்லை, ஜெனரேட்டர் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

ஜெனரேட்டர் நின்றது.

ஸ்பீக்கர் போய்விட்டது என்று எங்களில் ஒருவரும் நினைக்கவில்லை. மைதானம் மொத்தமும் எழுந்தது. பால்காரம்மா உட்கார்ந்திருந்த பலகையைத் தூக்கிக்கொண்டாள். எல்லோரும் உன் மாமாவிடம் ஓடினோம். "எங்க வந்திருக்கானுங்க?" என்று டெய்லர் கத்தினார். அது உன் மாமாவுக்குக் கேட்காத காது. டெய்லர் இந்தப் பக்கம் வந்து மறுபடி கேட்டார்.

"யாரும் வரல. படத்துல நான் காட்டிக் கொடுத்துட்டேன் போல. அதுக்கு மேல ஓட்ட முடியல" என்றார் உன் மாமா. புதுச் சட்டையெல்லாம் டீசல்.

டெய்லர் போய்த் திரையை அவிழ்த்தார். மற்றவர்கள் உன் மாமாவோடு வீடுவரைக்கும் நடந்து வந்தார்கள்.

உன்மேல் எனக்குக் கோபம் இருக்கிறது, ஆறவில்லை. அவருக்கு இல்லையாம். "அதுவரைக்கும் நல்லாத்தான் எடுத்திருக்கான்" என்கிறார். திரை எங்கள் வீட்டில்தான் மடித்து இருக்கிறது. அந்தக் காட்சியை எடுத்துவிட்டு நீயே கொண்டுவா, மீதியைப் பார்க்கிறோம். அப்படியே வெளியிடுவதானால் இந்தப் பக்கம் வராதே. வந்தால் மோட்டாரை நான் நிறுத்துவேன்.

இப்படிக்கு,
மெக்கானிக்கின் மனைவி