எதிராளியின் தூண்

ஜனவரி 6
கொழுந்தன் இன்று இஸ்திரிப் பெட்டியை என் வீட்டுக்காரர் மீது வீசினான். நெற்றியில் ஐந்து தையல். எங்கள் சலவைக்கூடத்தில் பாகம் பிரித்துக்கொண்டு எதிர்வரிசையிலேயே இன்னொன்று போட்டான். எங்களிடம் துணி போட்டுக்கொண்டிருந்த ஓட்டல் வாடிக்கையைப் பிடுங்கினான். கேட்கப்போன அண்ணனை அடிக்கிறான். இவரோ, "சின்னப் பய, விடு" என்கிறார். அவன் கை ஒடிந்தால்தான் எனக்குச் சோறு இறங்கும்.

ஜனவரி 9
பழைய புத்தகக் கடையில் தொழில் போட்டி பற்றி ஒரு தடிப் புத்தகம் வாங்கினேன். "படிக்கவா, அவன் தலையில போடவா?" என்று இவர் சிரித்தார்.

ஜனவரி 14
பாதி புரியவில்லை. ஒன்று புரிந்தது: எதிராளியின் பலத்தோடு மோதாதே, அவன் எந்தத் தூணில் சாய்ந்திருக்கிறானோ அதை உருவு. தாள் கிழியக் கோடு போட்டேன். இவன் தூண் யார்? பாய்லர்காரர். பாகத்தில் எங்கள் பழைய பாய்லரோடு அவரும்தானே போனார்!

ஜனவரி 20
ஒன்றரை மடங்கு சம்பளம் என்றதும் பாய்லர்காரர் சம்மதித்தார். ஆனால் தயங்கினார்.
"அந்த பாய்லர்ல ஆவி வெளியேத்துற வால்வு அடைச்சுக்கும்மா. தெனம் சுத்தியலால ரெண்டு தட்டு தட்டணும். இத்தன வருஷமா யார்கிட்டயும் சொன்னதில்ல, சொன்னா என் வேலை போயிடுமே. சின்னவர்கிட்ட சொல்லிட்டு வந்துடறேன்."
"நான் சொல்லிடறேன்," என்றேன்.

ஜனவரி 21
சொல்லவில்லை. எதிராளிக்குத் தகவல் கொடுக்காதே என்று ஒரு அத்தியாயமே இருக்கிறது. ரெண்டு நாள் திண்டாடட்டும்.

ஜனவரி 23
காலை எட்டரைக்கு எதிர்க்கடை பாய்லர் வெடித்தது. எங்கள் கண்ணாடிகளும் நொறுங்கின. இவர் செருப்புகூட இல்லாமல் ஓடினார். கொழுந்தனைத் தூக்கியபோது சட்டையோடு தோலும் வந்தது. அந்த அலறல்— அய்யோ, கைதானே ஒடியணும்னு நெனச்சேன். இதையா கேட்டேன்?
பாய்லர்காரர் என் கையைப் பிடித்துக் கேட்டார். "சொன்னீங்கதானே?"
"சொன்னேன். அவன் காதுலயே வாங்கல."

ஜனவரி 24
உயிர் இருக்கிறது.

பிப்ரவரி 2
ஓட்டல்காரர் தானாகவே துணி மூட்டைகளோடு வந்தார். வாங்கிப் போட்டேன். ஓரகத்தி எதிர்வாசலில் நின்று பார்த்துக்கொண்டே இருந்தாள். பார்க்கட்டும்! அறைந்துவிடலாம் போல இருந்தது. அவளையா, என்னையா?

பிப்ரவரி 11
இவரும் நானும் பாய்லர்காரரும் ஆஸ்பத்திரிக்குப் போனோம். கொழுந்தன் இன்றுதான் வாய் திறந்தான்.
"அண்ணி, வால்வு அடைச்சுதான் வெடிச்சுதாம். அது அடைச்சுக்கும்னு ஒருத்தரும் எங்கிட்ட சொல்லல. உங்களுக்குத் தெரியுமா?"
"தெரியாதுப்பா."
பாய்லர்காரர் என்னையே பார்த்தார். பிறகு இவர் பக்கம் திரும்பி, எல்லாவற்றையும் சொன்னார். இவர் தம்பியின் கட்டில் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

பிப்ரவரி 13
நான்தான் கடையைத் திறந்தேன். பாய்லர்காரர் வரவில்லை. இவர் ஆஸ்பத்திரியிலேயே இருக்கிறார். மாற்றுத் துணி கொடுத்தனுப்பினேன், திரும்பி வந்தது. வாசல்வரை ஓட்டல் மூட்டைகள்.