நீ சுற்றித் தந்த கடைசிப் புரிட்டோ

மச்சான்,

நாளைக்கு யூலை முதலாம் திகதி. மொன்றியலில் பாதிச் சனம் வீடு மாறுகிற நாள். இந்த முறை நாங்களும் பார்க் எக்ஸ்டென்ஷனை விட்டுப் போகிறோம். கடைசியாகக் குளிர்பெட்டியைத் துடைக்கத் திறந்தேன். ஐஸ் தட்டுக்குப் பின்னால் கல்லாய்க் கிடந்தது நீ சுற்றித் தந்த புரிட்டோ. அலுமினியத் தாளின் மேல் என் பெயரின் முதல் எழுத்து, உன் கோணல் கையெழுத்தில். ஒன்றரை வருடமாக அது அங்கே இருப்பது எனக்குத் தெரியும். பார்க்காமல் இருந்தேன்.

நாம் வேலை செய்த புரிட்டோக் கடையில் வேலை முடிந்ததும் மிச்சச் சோற்றையும் கறுப்பு பீன்ஸையும் மெல்லிய ரொட்டியில் வைத்து ஆளுக்கொன்று சுற்றுவோம். என்னுடையது பஸ்ஸிலேயே பிரிந்து மடியில் கொட்டும். "ஓரத்தை முதல் மடி, பேந்து உருட்டு" என்று எத்தனை தரம் சொல்லியிருப்பாய்.

புரிட்டோ என்றால் ஸ்பானிஷில் குட்டிக் கழுதை என்று சொன்னவள் நம்மோடு வேலை செய்த மெக்சிக்கோக்காரி. ஏன் அந்தப் பெயர் என்று அவளுக்கும் சரியாகத் தெரியாது. கழுதையின் முதுகில் சுருட்டிக் கட்டிய படுக்கை மாதிரி இருப்பதால் என்றாள். யாரோ ஒருவர் கழுதையில் கொண்டுபோய்ச் சாப்பாடு விற்றதால் என்றும் ஒரு கதை உண்டாம். கழுதைகளுக்குப் பேர்போன மன்னாரில் பிறந்த உன்னைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைக் கேட்டால் என் வாய் சும்மா இருக்குமா? அன்றிலிருந்து நீ எனக்கு மன்னார்க் கழுதை. நீயும் சிரித்தாய். உங்கள் ஊர்த் தெருவில் கேட்பாரில்லாமல் திரிகிற கழுதைகளைப் பற்றி, வெங்காயம் வெட்டியபடி ஒருநாள் சொன்னாய்: "எல்லாம் ஒரு காலம் மூட்டை சுமந்ததுகள்தானடா. லொறி வந்தாப் பிறகு அவிட்டு விட்டிட்டாங்கள்."

அந்த வெள்ளிக்கிழமை, பின்வாசலில் சப்பாத்து மாற்றும்போது கேட்டாய். "நெஞ்சு ஒரு மாதிரி இறுக்கிக்கொண்டு கிடக்கு. நாளைக்கு என்ர வேலையை நீ பாப்பியே? ஒருக்கா கிளினிக்குக்குப் போட்டு வாறன்."

எனக்கு ஒரு அலுவலும் இருக்கவில்லை. படுத்துக் கிடக்க வேண்டும் போலிருந்தது, அவ்வளவுதான்.

"கழுதைக்கு நெஞ்சு நோ வருமே?" என்றேன்.

நீ சிரித்துவிட்டு, இந்தப் புரிட்டோவை என் கையில் வைத்துவிட்டுப் போனாய். சனிக்கிழமை மத்தியானம் கடை அடுப்படியிலேயே விழுந்தாய்.

செத்தவீட்டில் உன் மனைவி, அவர் உங்களிடம் ஏதாவது சொன்னாரா என்று கேட்டா. இல்லை என்றேன். உன் வீடு இரண்டு தெரு தள்ளி இருக்கிறது. அதனால்தான் வீடு மாறுகிறேன் என்பது என் வீட்டில் ஒருவருக்கும் தெரியாது.

இதைத் தின்னவும் முடியவில்லை, எறியவும் முடியவில்லை. மடியில் வைத்துக்கொண்டு தரையில் இருக்கிறேன். தண்ணீர் வடிகிறது. எனக்கு மன்னிப்பு இல்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

நீ போன அடுத்த கிழமை, உன் வேலைக்கு ஆள் வேண்டும் என்றார் முதலாளி. அவர் சொல்லி முடிக்கமுன் ஓம் என்றேன். நீ விழுந்த அதே இடத்தில் நின்று, ஒவ்வொரு சனிக்கிழமையும் நான்தான் சுற்றுகிறேன். இப்போது ஒன்றும் பிரிவதில்லை. நீ கேட்டது ஒரேயொரு சனிக்கிழமை.