கை தூக்கியவர்கள் மலையிறங்கிய பிறகு

என் அம்மாவுக்கு, மலைமேல் சோளக்காட்டு ஊர்ச் சனங்களின் நர்ஸம்மாவுக்கு,

நீ கண்மூடிய பிறகு வந்த முதல் கோயில் திருவிழாவில் ஏலம் விட்டது நான்தான். நம்பமாட்டாய். வகுப்பறையைத் தாண்டி நான் குரல் உயர்த்தியதே இல்லை என்று என்னைக் கேலி செய்வாயே, அந்தக் குரலை வைத்துக்கொண்டுதான் காணிக்கையாக வந்த சேவலையும் வாழைத்தாரையும் சாமை மூட்டையையும் விலை கூறினேன்.

உன்னிடம் கேட்க வேண்டியவை நிறைய இருக்கின்றன. நீ செய்ததை எல்லாம் இப்போது நான் செய்வதால் அவை ஒவ்வொன்றாக முளைக்கின்றன. முதல் கேள்வி, அந்தக் கூட்டத்தில் நீ ஏன் வாயைத் திறக்கவில்லை?

ஓடு ஒழுகிய பழைய மாதா கோயிலை இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டலாம் என்று பங்குக் கூட்டத்தில் பேசிய நாளைச் சொல்கிறேன். ஆயர் இல்லத்தில் கடன் வாங்கலாம், ஆளுக்கு இவ்வளவு என்று மாதச் சம்பளத்தில் கொடுத்து அடைத்துவிடலாம் என்றார்கள். எல்லாரும் கை தூக்கினார்கள். எல்லாரும் யார்? பள்ளிக்கூட ஆசிரியர்கள், மின்வாரியத்துக்காரர்கள், ஆஸ்பத்திரி ஊழியர்கள். கீழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள், மாறுதல் உத்தரவு கிடைத்த மறுவாரம் சாமான்களை லாரியில் ஏற்றுகிறவர்கள். இரண்டு மூன்று வருடம் தங்குகிறவர்கள் பன்னிரண்டு வருடக் கடனுக்குக் கை தூக்கியிருக்கிறோம். இது ஒருவருக்குமே உறைக்கவில்லையா? இல்லை, உனக்கு உறைத்ததா?

உறைத்திருக்கும் என்றுதான் இப்போது தோன்றுகிறது. நீ ஓய்வு பெற்றதும், நான் மாறுதல் வாங்குகிறேன், இருவரும் ராசிபுரத்துக்கே போய்விடலாம் என்றேன். குளிர்காற்று பழகிவிட்டது என்றாய். கை தூக்கியவர்களில் மலையிறங்க நினைக்காமல் கடைசிவரை மிஞ்சியது நீ ஒருத்திதான். குளிர்காற்றுதான் காரணமா அம்மா?

இப்போதைய நிலவரம் இது. ஞாயிறு காணிக்கை, மின்கட்டணத்துக்கும் சாமியார் வீட்டுச் சமையலுக்குமே இழுபறி. தவணை நின்று வெகுநாளாகிறது. இப்படியே போனால் ஆயர் இல்லத்தில் சாமியாரைத் திரும்ப அழைத்துக்கொண்டு நம் கோயிலைக் கிளைப்பங்கு ஆக்கிவிடுவார்கள். மாதம் ஒரு பூசை, அதுவும் கீழிருந்து யாராவது வளைவுகளில் வண்டியேறி வந்தால். நீ அடங்கியிருக்கும் இடத்தின் கேட்டைக்கூட யாரும் திறக்கமாட்டார்கள்.

அதனால் புதுச் சாமியார் ஒரு முடிவெடுத்தார். இளைஞர், நல்லவர், தஞ்சாவூர்ப் பக்கம். இந்தத் திருவிழாவில் ஏலம் எடுத்தால் பணத்தை உடனே கட்ட வேண்டும் என்று அறிவித்தார். நியாயமாகத்தான் பட்டது எனக்கும்.

முதல் சேவலைத் தூக்கிப் பிடித்தேன். யாரும் கேட்கவில்லை. விலையைக் குறைத்தேன். சேவல் மட்டும் கத்தியது. அப்போது திண்ணனூர் நாட்டுப் பெரியண்ணன் எழுந்தார். மாதாவுக்கு முதல் தார் கொண்டுவருவாரே, அந்த மலைக்காரர்தான். “ஏனுங்க டீச்சரம்மா, கையில காசிருந்தா நா எதுக்குங்க ஏலத்துக்கு வாரேன்? சந்தையிலயே சல்லிசா வாங்கிக்க மாட்டனா?” என்றார். எல்லாரும் சிரித்தார்கள். “உங்கம்மா மொளகு வித்துக் குடுன்னு உட்டுருவாங்க. அந்தத் தெம்புலதான் சேவலுக்கு ஆட்டு வெல கேப்போமுங்க.”

இத்தனை வருடம் அருகில் நின்று பார்த்தும் எனக்குப் புரியாதது இது. அந்த மனிதர்கள் நம் கோயில்காரர்கள் இல்லை. அவர்களுக்கு அவர்கள் சாமி இருக்கிறது. இருந்தும் கையில் காசில்லாத மார்கழியில் வந்து, மாசியில் வரப்போகும் மிளகை நம்பி, ஒரு சேவலுக்கு அவ்வளவு விலை கேட்கிறார்கள். ஏன்? ஊசி போட்ட உன் கைக்காகவா? நாலு பேர் முன்னால் பெரிய விலை கேட்கும் சந்தோஷத்துக்காகவா?

சாமியார் என் பக்கம் குனிந்து, “கடனுக்கு ஏலம் விட்டா நம்ம கடனை எப்ப அடைக்கிறது டீச்சர்?” என்றார்.

“இவங்க எங்கயும் போகமாட்டாங்க ஃபாதர். போறவங்க நம்மாளுங்கதான்” என்றேன். எங்கிருந்து வந்தது அந்தப் பேச்சு என்று தெரியவில்லை. அவர் கூட்டத்தைப் பார்த்துவிட்டு, கடனுக்கே விடச் சொல்லித் தலையாட்டினார். பிறகு ஏலம் இருட்டும்வரை நடந்தது. பெரியண்ணன் சேவலை எடுத்து, மறுபடி கோயிலுக்கே கொடுத்து, மறுபடி தானே எடுத்தார்.

மாசியில் பணம் வந்தது. சிலர் மிளகாகவே கொண்டுவந்து கொட்டினார்கள். இரண்டு பேர் இன்னும் தரவில்லை, கேட்டால் சிரிக்கிறார்கள்.

மாறுதலாகிப் போனவர்களுக்கும் போன் செய்து, கை தூக்கி ஒப்புக்கொண்ட காசைக் கேட்டேன். தர்மபுரிப் பக்கம் போன கணக்கு டீச்சர், “உங்கம்மா ஒரு தடவைகூடக் கேக்கலியே” என்று சொல்லிவிட்டு அன்றே அனுப்பினார். மின்வாரியத்துக்காரர் வெகுநேரம் குசலம் விசாரித்தார். கடைசியில், “இங்கயும் கோயில் கட்டுறாங்கம்மா, இங்கயும் கையத் தூக்கிட்டேன்” என்றார். சிரிப்பை அடக்க முடியவில்லை. நீ ஏன் யாரையும் கேட்கவில்லை? கூச்சமா? கேட்டால் நம்மை மறந்துவிடுவார்கள் என்ற பயமா?

வந்ததைச் சேர்த்தால் ஒரு வருடத் தவணைக்கு எட்டும், அவ்வளவுதான். சாமியாரும் நானும் அதை எடுத்துக்கொண்டு ஆயர் இல்லம் போனோம். அங்கே கணக்குப் பார்க்கும் மூத்த சாமியார், தவணையைச் சிறிதாக்கி வருடங்களை நீட்டித் தருகிறேன், உங்கள் சாமியாரும் அங்கேயே இருக்கட்டும் என்றார். பங்கு சார்பில் ஒருவர் பொறுப்பேற்றுக் கையெழுத்திட வேண்டும் என்று தாளை என் பக்கம் நகர்த்தினார். பிறகு கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு கேட்டார்.

“டீச்சர், அடுத்த ஜூன்ல நீங்க அங்க இருப்பீங்களா?”

ஒரு போன் பேசிவிட்டு வருகிறேன் என்று எழுந்தேன். ராசிபுரத்துக்கு மாறுதல் கேட்டு விண்ணப்பம் போட்டிருந்தேன் அம்மா. இந்த முறை கிடைக்கும் என்று எல்லாரும் சொன்னார்கள். சனிக்கிழமை மட்டும் மலையேறி வரும் என் வீட்டுக்காரர், அங்கே பள்ளிக்கூடத்துக்குப் பக்கத்தில் வீடுகூடப் பார்த்து வைத்திருந்தார். வெளியே வந்து அவருக்குப் போன் செய்தேன். கையெழுத்துப் போடப்போகிறேன் என்று நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, “உங்கம்மா பொண்ணுதான் நீ” என்றார். அது பாராட்டா கோபமா என்று இன்னும் தெரியவில்லை. இந்தச் சனிக்கிழமை கேட்க வேண்டும்.

உள்ளே போய்க் கையெழுத்துப் போட்டேன். விண்ணப்பத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன்.

நீ எதற்காக இங்கே இருந்தாய் என்பது எனக்கு முழுதாகத் தெரியவில்லை. நான் எதற்காக இருக்கிறேன் என்பது பாதிதான் தெரிகிறது. ஆனால் ஒன்று சொல்கிறேன். கடைசித் தவணை கட்டும்வரை நான் மாறுதல் கேட்கமாட்டேன். இனி பங்குக் கூட்டத்தில் யாராவது எதற்காவது கை தூக்கச் சொன்னால், எத்தனை வருடம் இங்கே இருப்பீர்கள் என்று முதலில் எழுந்து கேட்பேன்.

மலையில் தங்கிவிட்ட உன் கடைக்குட்டி,
ஸ்டெல்லா