தயாரா என்று கேட்டார்கள்

சான் பெத்ரோ, புதன்கிழமை

அன்புள்ள அன்செல்மோ,

கடவுள் உன்னை ஆசீர்வதிக்கட்டும். போனில் எப்போதும் நீதான் முதலில் ஆசீர்வாதம் கேட்பாய், இன்று நீ கேட்கும் முன்பே கொடுத்துவிடுகிறேன், முழுவதும் படித்த பிறகு என்னிடம் கேட்க உனக்கு மனம் வருமோ வராதோ. இங்கே உடம்புக்கு யாருக்கும் ஒன்றுமில்லை. குழந்தை சுலைகா நன்றாகப் பால் குடிக்கிறாள், மூக்கு உன்னுடையது, அழுகை என்னுடையது என்று தெருவே சொல்கிறது. உன் மனைவி மிர்லாந்துக்கு நாற்பது நாள் பத்தியம் முடிந்தது, தலையில் துணி, காதில் பஞ்சு, தினம் கோழி சூப் என்று ஒரு குறையும் வைக்கவில்லை. சிலி நாட்டு வெயிலில் நீயும் தலையை மூடிக்கொண்டு வேலைக்குப் போ. இதைப் போனில் சொல்ல நான்கு முறை வாயெடுத்தேன், முடியவில்லை, அதனால்தான் எழுதுகிறேன்.

போன ஞாயிறு மிர்லாந்த், குழந்தைக்குச் சின்னதாகிப்போன சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தாள். பக்கத்து வீட்டு நூர்யாவின் மகளுக்குக் கொடுத்துவிடேன் என்றேன். 'கொடுக்க மாட்டேன் அத்தை, அடுத்தது பொறந்தா எதப் போடுறது? பையன்னா மாமா பேருதான்னு உங்க புள்ள இப்பவே சொல்லிட்டாரு' என்றாள். 'அடியே, நீதான் தயாராகிட்டியேடி' என்றேன். அவள் சிரித்துக்கொண்டே, 'அடுத்த தடவையும் தயாராகிட்டுத்தான் போவேன்' என்றாள். ஆண்பிள்ளை நீ, எங்கள் பேச்சு உனக்கு எவ்வளவு தெரியுமோ. இங்கே ஒரு பெண் தயாராகிவிட்டாள் என்றால் இனிப் பிள்ளை பெறாதபடி ஆபரேஷன் செய்துகொண்டாள் என்று பொருள். உன் தங்கை பிறந்ததும் நானும் தயாரானவள்தான், ஆனால் நானாகக் கேட்டுச் செய்துகொண்டேன். எல்லை தாண்டி ஹெயிட்டியிலிருந்து இங்கே வந்து இரண்டே வருடம் ஆன பெண்ணுக்கு அது எப்படித் தெரியும். வலியில் துடித்துக்கொண்டிருந்தவளிடம் நர்ஸ், 'உன்னைத் தயார் பண்ணிடலாமா' என்று கேட்டிருக்கிறாள், குழந்தையை எடுக்கத்தான் தயார் செய்கிறார்கள் என்று இவள் சரி சரி என்று தலையாட்டியிருக்கிறாள். இருபத்திரண்டு வயது, அன்செல்மோ. என்னால் இன்னும் நம்ப முடியவில்லை.

திங்களன்று அவளைக் கூட்டிக்கொண்டு ஆஸ்பத்திரிக்கு ஓடினேன். கருக்குழாயில் கட்டினதை அவிழ்த்துவிடுங்கள் என்று கெஞ்சினேன். 'கட்டலம்மா, வெட்டியாச்சு' என்றாள் அங்கிருந்த நர்ஸ். 'அந்தப் பக்கத்துப் பொண்ணுங்க வருஷத்துக்கு ஒண்ணுன்னு வந்து நிப்பாங்க, நல்லதுதானே பண்ணோம். வேணும்னா பேப்பரைப் பாத்துக்கங்க' என்று எடுத்து நீட்டினாள். அதில் மிர்லாந்தின் கைநாட்டுக்குக் கீழே என் கையெழுத்து இருந்தது. மறந்துபோனதில்லை மகனே, சொல்லாமல் வைத்திருந்தேன். பிரசவத்தன்று நர்ஸ் வாசலுக்கு வந்து, 'மருமக தயாராகிக்கிறேன்னு சொல்றா, சாட்சிக்கு நீங்க போடுங்க' என்றாள். எனக்கு அந்தச் சொல் தெரியும். முதல் பிள்ளைக்கேவா என்று திக்கென்றது. ஆனால் நீங்கள் இருவரும் போனிலேயே முடிவு செய்துவிட்டு என்னிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்று கோபம் பொத்துக்கொண்டு வந்தது, பேனாவைப் பிடுங்கிக் கையெழுத்தைப் போட்டுக் கொடுத்தேன். உள்ளே போய் ஏண்டி என்று கேட்டிருந்தால் போதும், பத்தடி தூரம்தான்.

வீட்டுக்கு வந்ததும் மிர்லாந்த் அந்தச் சட்டைகளை எடுத்துக்கொண்டுபோய் நூர்யாவின் மகளிடம் கொடுத்துவிட்டு வந்தாள். நீயே அவனிடம் சொல்கிறாயா என்று கேட்டேன். 'நீங்களே எழுதுங்க அத்தை. உங்க பாஷையில எந்த வார்த்தைக்கு என்ன அர்த்தமோ, எனக்கு இனிமே நம்பிக்கை இல்ல' என்றாள்.

என்மேல் எவ்வளவு கோபம் வேண்டுமானாலும் படு, நான் தாங்கிக்கொள்கிறேன். மறக்காமல் முதலில் அவளைக் கூப்பிடு, உனக்குத் தெரிந்த அளவுக்கு அவள் பாஷையிலேயே பேசு, ஏன் தலையாட்டினாய் என்று மட்டும் கேட்டுவிடாதே. கடவுள் உன்னையும் அவளையும் அந்த ஒரே குழந்தையையும் காக்கட்டும். கையெழுத்துப் போடக் கை கூசுகிறது. இதையாவது இரண்டு முறை படித்துப் பார்த்துவிட்டுப் போடுகிறேன்.

உன் அம்மா,
காசில்தா