மூன்றாம் வரிசைப் பென்சில்

ஜூன் 2, ஞாயிறு

முழங்கால் வலியோடு ஆராதனைக்குப் போய்வந்தேன். தற்காலிகப் போதகர் இன்றும் கிரேக்கத்தைத் தொட்டார். வல்லமையைக் குறிக்கும் கிரேக்கச் சொல்லிலிருந்துதான் டைனமைட்டின் பெயர் பிறந்ததாம். ஆகவே அப்போஸ்தலர் வெடியை மனத்தில் வைத்தே எழுதினாராம். வெடி வந்தது பதினெட்டு நூற்றாண்டு கழித்து! தளை தட்டிய வெண்பாவைக் கேட்டதுபோல் காது கூசியது. மூன்றாம் வரிசையில் அமர்ந்தபடி பென்சிலால் குறித்துக்கொண்டேன்.

வழியில் மனைவி கேட்டாள்: "நீங்க பிரசங்கம் கேக்கப் போறீங்களா, பரீட்சைப் பேப்பர் திருத்தப் போறீங்களா?"

முப்பது ஆண்டு இறையியல் கல்லூரியில் கிரேக்கம் கற்பித்தவனுக்குப் பழக்கம் எங்கே போகும்?

ஜூன் 4, செவ்வாய்

அவரை நிரந்தரமாக்கலாமா என்று சபைக் கமிட்டி என் கருத்தை எழுத்தில் கேட்டிருக்கிறது. எழுதிக் கொடுத்தேன். 'கிரேக்கம் அறியாதவர், அறிந்ததாகக் காட்டிக்கொள்பவர்.' எதுகைகூட அமைந்துவிட்டது. அதில் ஒரு மகிழ்ச்சி வந்ததே — ஏன்?

ஜூன் 8, சனி

கமிட்டியில் என் கடிதத்தைச் செயலாளர், போதகர் முன்னிலையிலேயே உரக்க வாசித்தார். இப்படிச் செய்வார் என்று எண்ணவில்லை. எண்ணியிருந்தால் வேறு விதமாக எழுதியிருப்பேனா? போதகர் கைக்குட்டையை மடித்துக்கொண்டே இருந்தார். "ஐயா சொன்னா சரியாத்தான் இருக்கும்." அவ்வளவுதான். முடிவு அடுத்த சனிக்கிழமை.

மாலையில் அவர் மனைவி எங்கள் வீட்டில் காலி அட்டைப்பெட்டிகள் கேட்டு வாங்கிப் போனாளாம். சாமான் கட்டுவதற்கு.

ஜூன் 9, ஞாயிறு

பிரசங்கத்தினிடையே மூன்று முறை என் பென்சிலைப் பார்த்தார். மூன்று முறை தடுமாறினார்.

ஜூன் 11, செவ்வாய்

முதலில் அவரிடமே சொல்லியிருக்க வேண்டியதை இன்று சொல்லப் போனேன். மேசைமேல் கிரேக்கப் புதிய ஏற்பாடு விரிந்திருந்தது. ஓரமெல்லாம் அவருடைய பொடி எழுத்து. கிரேக்கம் அறியாதவரா இவர்?

பக்கத்தில் ஊதா மையில் படியெடுத்த பழைய பாடக்குறிப்பு. கையெழுத்து என்னுடையது. வேலைக்குச் சேர்ந்த முதல் ஆண்டு எழுதியது. அந்த வெடி அதிலேயே இருக்கிறது — அடிக்கோட்டுடன். மறு ஆண்டே வகுப்பில் திருத்திக்கொண்டேன். வெளியே போன பிரதிகளை நினைத்தேனா? அடப்பாவி, என்னத்த எழுதித் தொலைச்சேன்!

"கமிட்டியில இதைக் காட்டியிருக்கலாமே?" என்றேன்.

"என் வேலைக்காக உங்க மானத்தை வாங்கணுமா ஐயா? நானும் அகராதியைப் புரட்டிப் பாத்திருக்கணும். பாக்கல."

ஜூன் 15, சனி

கமிட்டியில் அந்தப் பாடக்குறிப்பையும் புதிய கடிதத்தையும் நானே வாசித்தேன். பிழை ஒரு சொல்லில்; அது வந்தது என் பாடத்திலிருந்து; மற்றபடி அவர் கிரேக்கம் படித்தவர், இன்னும் படிக்க வேண்டியவர், என்னைப்போல.

செயலாளர் சிரித்தார்: "அப்போ யாரை ஐயா வீட்டுக்கு அனுப்பறது?"

களைப்பு. உறங்க வேண்டும்.

ஜூன் 23, ஞாயிறு

"மூணு வாரத்துக்கு முன்னாடி டைனமைட்டுன்னு சொன்னேன். அது தப்பு" என்று போதகர் பிரசங்கத்தைத் தொடங்கினார். யாரிடம் கற்றார் என்பதைச் சொல்லவில்லை. பழக்கத்தில் மூன்றாம் வரிசையைப் பார்த்தார். என் கை வெறுமனே மடியில் கிடந்தது.

வீடு திரும்பினால், வாசலில் நாங்கள் கொடுத்த அட்டைப்பெட்டிகள் — ஒன்றுக்குள் ஒன்றாக அடுக்கி, காலியாகவே.