அத்தையின் ஸ்கூட்டரும் கோட்டுக்கு மேலே பத்தாயிரமும்

சகலமான பேருக்கும் அறிவிப்பது என்னவென்றால், அத்தையின் மஞ்சள் ஸ்கூட்டர் சீட்டுக்கு அடியில் இன்று காலை இஞ்சி மிட்டாய்கள் சில, உருகி ஒன்றாகிவிட்ட நிலையில் கண்டெடுக்கப்பட்டன. கண்டெடுத்த மருமகன் அவற்றை ஒட்டியிருந்த காகிதத்தோடு தின்றுவிட்டான்.

காரம் குறையவே இல்லை, அத்தை. உங்களுக்கும் கடைசிவரை குறையவில்லை. நீங்கள் போன பிறகு மாமா இந்த வண்டியைத் தினம் துடைக்கிறார், ஓட்டுவதில்லை. ஆனால் இந்த வண்டி நம் குவார்ட்டர்ஸ் வாசலுக்கு வந்ததற்குக் காரணம் நான்தான். அதை நான் நம் பிளாக் முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன்.

அன்று நிலக்கரி மைன்ஸிலிருந்து ஷிஃப்ட் முடிந்து வந்தவர், தலையில் படிந்த தூசியைக்கூடத் தட்டாமல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டீர்கள். “வடலூர் ஷோரூமுக்கு போன் போடுடா. வண்டி வாணாம்னு சொல்லிடு.”

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. மாமாவின் ஷிஃப்டும் உங்கள் ஷிஃப்டும் ஒத்துவந்தால்தான் உங்களுக்குக் கடைத்தெரு என்றிருந்த வாழ்க்கை. சொந்த வண்டிக்காக எத்தனை வருஷம் சேர்த்தீர்கள்!

“சம்பள அரியர் வந்துடுச்சுடா. கழிவெல்லாம் போக இந்த வருஷ வருமானம் பன்னெண்டு லட்சத்துப் பத்தாயிரம். பன்னெண்டு வரைக்கும் ரிபேட்டு, வரியே இல்ல. தாண்டிட்டா அறுபத்தோராயிரத்து ஐந்நூறு! வண்டிக் காசு வரிக்கே போயிடும். அந்தப் பத்தாயிரத்த வாணாம்னு எழுதிக் குடுத்துடலாமா?”

பிளஸ் டூ வணிகவியல் மாணவனாகிய நான் எழுந்து நின்றேன். வரியைப் பற்றி வரி விடாமல் படித்தது என் வாழ்க்கையில் அந்த ஒரு முறைதான். “அத்த, மார்ஜினல் ரிலீஃப்னு ஒண்ணு இருக்கு.”

“போடா. போன மாசம் தண்ணி வராதுன்னு பொய் நோட்டீஸ் ஒட்டி, பிளாக்கையே குடத்தோட ஓடவுட்டவன்தான நீ?”

“அது வேற டிபார்ட்மென்ட். இத கேளுங்க. பன்னெண்டு லட்சக் கோட்டத் தாண்டி எவ்ளோ போயிருக்கீங்க?”

“பத்தாயிரம்.”

“அப்ப வரி அந்தப் பத்தாயிரத்தத் தாண்டக் கூடாது. கோட்டுக்கு மேல இருக்கறத மட்டும் எடுத்துக்குவான். கீழ இருக்கறதத் தொட மாட்டான்.”

“அப்ப அறுபத்தோராயிரம்?”

“அம்பேல்!”

இதுவும் விளையாட்டா, சிரிப்பை அடக்குகிறேனா என்று என் முகத்தை உற்றுப் பார்த்தீர்கள். “அப்ப அரியர் எனக்கு வந்தும் வராத மாரி. சரி, கைக்காசு போவல, அது போதும்” என்றீர்கள். மறுநாள் ஆபீசில் விசாரித்துவிட்டு, நேரே வடலூர் போய் வண்டியோடு வந்தீர்கள். என்னைப் பின்னால் ஏற்றிக்கொண்டு டவுன்ஷிப் ரவுண்டானாவைச் சுற்றிச் சுற்றி வந்ததில் எனக்குத் தலை சுற்றியது. “எறங்கணுமா? எறங்கணுமா?” என்று கேட்டு இன்னும் ஒரு சுற்று!

இப்போது மார்ச் மாதமானால் மைன்ஸில் பர்மனன்ட் வேலையிலிருக்கும் மாமாக்கள் சம்பளச் சீட்டோடு என்னைத் தேடி வருகிறார்கள். “ஆடிட்டர் இருக்காரா?” என்கிறார்கள். நானும் சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டுதான் வெளியே வருகிறேன்.

உங்களுக்குத் தெரியாததா, அத்தை. பத்தாயிரம்தான் என்று அடித்துச் சொன்ன ஆடிட்டர், அதன்மேல் நான்கு சதவீத செஸ் என்ற கூடுதல் வரி உண்டு என்பதை மறந்தே போனார். ஆபீசில் நானூறு ரூபாய் கூடப் பிடித்தார்கள். நீங்கள் யாரிடமும் மூச்சுவிடவில்லை. என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டு, “உன் ஃபீஸுன்னு நெனச்சுக்கறேன், போ” என்று சொல்லிச் சிரித்தீர்கள். இப்போது யார் வந்தாலும் முதலில் செஸ்ஸைத்தான் போடுகிறேன்.